பத்தாய அறைக்கு எது பொருந்தும்?

மன்னார்குடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் தாத்தா காலத்து வீடுகளைச் செப்பனிட முனைந்திருக்கும் குடும்பத்தாருக்கு,



பூமிக்குள் பத்து மீட்டருக்குக் கீழே சித்திரையும் மார்கழியும் ஒன்றுதான். மேலே வெயில் ஏறினாலும் இறங்கினாலும், அந்த ஆழத்து மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். ஐரோப்பாவில் ஒயினுக்கு நிலவறை தோண்டியதற்கு முதல் காரணம் இது. பிரான்சின் ரைம்ஸ் நகரத்துக்கு அடியில் ரோமானியர் காலத்தில் சுண்ணக்கல் வெட்டியெடுத்த பெருங்குழிகள் இருக்கின்றன. பின்னாளில் ஷாம்பெயின் நிறுவனங்கள் அவற்றையே நிலவறைகளாக்கிக்கொண்டன. சில குழிகள் முப்பது மீட்டருக்கும் மேல் ஆழமானவை. உள்ளே ஆண்டு முழுவதும் 10 முதல் 12 டிகிரி. ஜார்ஜியாவில் பெரிய மண்சாடிகளைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, அதற்குள்ளேயே திராட்சைச் சாற்றைப் புளிக்கவைக்கிறார்கள். குவெவ்ரி எனப்படும் அந்த முறையை யுனெஸ்கோ 2013இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கேயும் வேலை செய்வது மண்ணின் குளுமைதான்.

பழைய வீட்டை எடுத்துக் கட்டும்போது, வெளிநாட்டில் இருந்து திரும்பிய பிள்ளைகள் யாராவது நிலவறை பேச்சை எடுப்பதுண்டு. கூடத்தை ஒட்டிய இருட்டறையைக் கொஞ்சம் ஆழப்படுத்தினால் அதில் ஒயின் போடலாமே, பாட்டில்களைப் படுக்கவைத்து வருஷக்கணக்கில் வைக்கலாமே என்பது கேள்வி. விடை மண்ணிலேயே இருக்கிறது. மன்னார்குடியின் ஆண்டுச் சராசரி வெப்பம் 28 டிகிரியை ஒட்டியது. எத்தனை ஆழம் தோண்டினாலும் கிடைப்பது அந்த 28தான். ரைம்ஸின் 12 கிடைக்காது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் வேதிமாற்றங்களின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி பார்த்தால், இங்கே வைக்கும் ஒயின் அங்கே வைத்ததைப் போல மூன்று மடங்கு வேகத்தில் முதுமையடையும். பத்தாண்டு நிற்க வேண்டியது மூன்றாண்டில் தளர்ந்துவிடும்.

வைப்பதற்கு முன்பே, ஆக்குவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. புளிக்கும்போது சாறு தானாகவே சூடேறும். 28 டிகிரி அறையில் தொடங்கிய பெரிய பாத்திரம் 35ஐத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்துபோய், சர்க்கரையைப் பாதியிலேயே விட்டுவிடும். மதுவைப் புளிக்காடியாக்கும் பாக்டீரியாவுக்கோ 28, 30 டிகிரிதான் உகந்த வெப்பம். காற்று கொஞ்சம் பட்டால் போதும், ஒயின் வினிகராகிவிடும். தமிழ்நாட்டில் திராட்சைக்குப் பஞ்சமில்லை. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடே பெற்றிருக்கிறது. பழம் தேனியில் இருந்து வந்துவிடும். ஆனால் தேனியில் இருந்து குளுமையைக் கொண்டுவர முடியாது.

அடுத்தது தண்ணீர். காவிரி வண்டலில் கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் மட்டுமே இருக்கும் ஊர் இது. ஐப்பசி, கார்த்திகையில் பாமணியாறும் வாய்க்கால்களும் நிறைந்து ஓடும்போது கொல்லைக் கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். அந்த நாளில் தோண்டிய அறை அறையாக இருக்காது, தொட்டியாக இருக்கும். பழைய கொத்தனார்களுக்கு இது தெரியும். அதனால்தான் இந்தப் பக்கத்து வீடுகள் தெருவில் இருந்து இரண்டு மூன்று படி ஏறித் திண்ணையைத் தொடுகின்றன. வீட்டின் விலையுயர்ந்த சரக்கு தரைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. 1620இல் தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டிய டேனியர், நிலவறைப் பழக்கமுள்ள நாட்டில் இருந்து வந்தவர்கள். அவர்களுமே கோட்டையின் கீழ்த்தளத்தில் தடித்த சுவரும் வளைவுக் கூரையும் வைத்து அங்கேதான் சரக்கைச் சேமித்தார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுவது நல்லது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. டாஸ்மாக் கடை ஊருக்கு ஊர் இருப்பதைப் பார்த்து, வீட்டில் மது ஆக்குவதும் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கிறிஸ்துமஸ் ஒயின் என்ற பெயர் அதை மாற்றாது.

மூச்சு பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு, அது ஒயினுக்கு மட்டுமானதல்ல. லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை உள்ள சாறு முழுவதும் புளித்தால், ஒவ்வொரு லிட்டரில் இருந்தும் 50 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளிவரும். 25 லிட்டர் சாறு என்றால் 1,250 லிட்டருக்கும் மேல். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறை அடைத்தே கிடந்தால், உள்ளே இருக்கும் காற்றில் அது 4 சதவீதத்தைத் தாண்டும். உயிருக்கு ஆபத்து என்று தொழிற்பாதுகாப்புத் துறையினர் வைத்திருக்கும் எல்லை அதுவே. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த இடத்தில் தேங்கும். கொங்கு நாட்டில் சோளக்குழியைத் திறந்த பிறகு பல மணி நேரம் காற்றாட விட்டு, விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆளை இறக்குவார்கள். குழிக்குள் தானியமும் பூச்சியும் மூச்சுவிட்டு ஆக்சிஜன் தீர்ந்திருக்கும் என்பதால் வந்த பழக்கம் அது. விளக்குச் சோதனையையும் முழுதாக நம்பிவிட முடியாது. கரியமில வாயு ஆளை மயக்கும் அளவுக்குச் சேர்ந்த பின்னும் சுடர் எரிந்துகொண்டிருக்கக் கூடும். பயன்படாத கிணறு, மூடிக் கிடக்கும் தொட்டி, குழி எதற்கும் இது பொருந்தும்.

ஆக, நிலவறை இந்த மண்ணுக்கு ஒட்டாது. அதன் வேலையை இங்கே செய்தது பத்தாயம்.

ரேழியைத் தாண்டி, முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் இருந்து ஒரு சின்ன வாசலில் தலை குனிந்து நுழைந்தால் வருவது நெல்லறை. சன்னல் இருக்காது, இருந்தாலும் கூரையை ஒட்டி ஒரு சிறு துவாரம். உள்ளே பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் மரப்பெட்டிதான் பத்தாயம். பலா, வேங்கை, தேக்குப் பலகைகளைச் சதுரச் சட்டங்களாகக் கோத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். ஓர் அடுக்கின் விளிம்பு அடுத்ததன் பள்ளத்தில் உட்காரும். பெரும்பாலும் ஆணி இல்லை. நெல் குறையக் குறைய மேலடுக்குகளைக் கழற்றி வைக்கலாம். கால்கள் ஒரு சாண் உயரம். தரையின் ஈரம் பலகையைத் தொடாது, கறையான் ஏறினால் கண்ணில் படும். நெல்லை மேலே கொட்டுவார்கள், கீழே இருக்கும் ஒரு சாண் அகல வாயின் வழியே எடுப்பார்கள். வாயை மறைக்கும் பலகையை மேலே இழுத்தால் மரக்காலில் நெல் சரசரவென்று வந்து விழும்.   பல தலைமுறைக் கைகள் இழுத்து அந்தப் பலகையின் மேல்விளிம்பு மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருக்கும்.

பத்தாயம் வசதியுள்ளவர்களின் பொருள். மரத்துக்கு வழியில்லாத வீட்டில் மண் குதிர் இருந்தது. களிமண்ணோடு உமியும் வைக்கோல் துண்டும் கலந்து மிதித்து, உறை உறையாக வனைந்து, வெயிலில் காயவைத்து அடுக்கி, மூட்டுகளை மண்ணால் பூசுவார்கள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற பழமொழியில் ஆளே ஒளிந்துகொள்ளலாம் என்றால் அதன் அளவைப் புரிந்துகொள்ளலாம். அறுவடை பெருத்து வீட்டுக்குள் இடம் போதாமல் போனால், களத்து மேட்டில் வைக்கோற்பிரியைச் சுற்றிச் சுற்றிப் பட்டறை கட்டினார்கள். விதைநெல்லுக்குத் தனியாகக் கோட்டை: வைக்கோலுக்குள் நெல்லை வைத்துப் பிரியால் இறுக்கிக் கட்டி, மேலே சாணம் மெழுகிவிடுவது. கோயில்களின் கணக்கு வேறு. பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் தஞ்சை நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். கூம்பாக மேலெழும் அந்தக் கட்டடத்தில் வெவ்வேறு உயரத்தில் வாய்கள் உண்டு. டேனியருக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்த இரகுநாத நாயக்கரே அதைக் கட்டியவராகச் சொல்லப்படுகிறது.

இந்த நெல்லறைகளிலும் சரக்கு பழுத்தது. புதுநெல்லைக் குத்திச் சமைத்தால் சோறு குழையும், கஞ்சி கொழகொழக்கும். மூன்று முதல் ஆறு மாதம் கிடந்த பிறகு மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் உள்ளுக்குள் மாறி, அதே அரிசி அதிகத் தண்ணீர் குடித்து, பருக்கை பருக்கையாக உதிரும். பழைய அரிசிக்கு விலை கூடுதல் என்பது இதனால்தான். ஒயினைக் கெடுக்கும் 28 டிகிரி இங்கே உதவியாக இருக்கிறது. வெப்பத்தில் நெல் சீக்கிரம் பழமையாகும். ஆனால் அதை நெல்லாகவே வைக்க வேண்டும். உமி உரித்துவிட்டால் தவிட்டின் எண்ணெய் சில வாரங்களிலேயே சிக்கு நாற்றம் பிடிக்கும், கூன்வண்டும் எளிதாகத் துளைக்கும். மாதத் தேவைக்கு மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொண்டதில் சிக்கனத்தோடு இந்தக் கணக்கும் இருந்தது.

ஊறுகாய்க்கும் அப்படித்தான். வெப்பம் கூடிய இடத்தில் லாக்டிக் பாக்டீரியா சுறுசுறுப்பாக இருக்கும். இரவு தண்ணீர் ஊற்றிய சோறு காலையில் இதமாகப் புளித்திருப்பது அதன் கைவேலை. குளிர்நாடுகளில் முட்டைக்கோசைப் புளிக்கவைக்க அதன் எடையில் 2 அல்லது 2.5 சதவீத உப்பு போதும். இங்கே அந்த அளவு உப்பில் போட்டால் பத்து நாளில் அழுகல் வாடை வந்துவிடும். மாவடுவுக்கும் நார்த்தங்காய்க்கும் பாட்டிமார் உப்பை அள்ளிப் போட்டது கைதவறி அல்ல. உப்பு 10 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் இந்த வெப்பத்தில் கெடுக்கும் நுண்ணுயிர்கள் அடங்கும். மாவடுவைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்போடு அடுக்கி, தினமும் ஜாடியைக் குலுக்கிவிட வேண்டும். காயில் இருந்து தண்ணீர் விட்டு, வடு சுருங்கி மூழ்கும் வரை அந்த வேலை உண்டு. பிறகு வேடு கட்டி இருட்டில் வைத்தால் ஆண்டு தாண்டும். ஒயின் பாட்டிலுக்காக ஏங்கும் அறையில் இந்த ஜாடிகளை வரிசையாக நிறுத்தலாம். கல்லுப்பு கலந்து அழுத்திய புளி கருத்து முதிர்வதற்கும் அதுவே இடம். வெல்லத்தை மட்டும் அங்கே வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் கசியும்.

இவ்வளவு பயன் இருந்தும் பத்தாயம் ஏன் ஒழிந்தது? 1960இல் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது. ஏ.டி.டி. 27 போன்ற குறுகிய கால ரகங்களும் ஐ.ஆர். 8உம் பின்தொடர்ந்தன. நெல் பணப்பயிரானது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவாக, நேரடிக் கொள்முதல் நிலையங்கள் பெருகின. 17 சதவீத ஈரப்பதம் வரை உள்ள நெல்லை அங்கே போட்டுவிட்டுப் பணம் பெறலாம். களத்தில் இருந்து நேரே லாரிக்குப் போகும் நெல்லுக்குப் பத்தாயம் எதற்கு? விதையும் கடையில் வாங்கும் பொருளானது. இதில் யாரையும் குறைசொல்ல இடமில்லை. கடன் வாங்கிப் பயிர் செய்தவருக்கு நெல்லை ஆறு மாதம் வீட்டில் வைத்திருக்கும் சொகுசு கிடையாது.

பத்தாயத்துக்கு இன்று பொருத்தமான வேலை விதை காப்பது. மன்னார்குடிக்குத் தென்கிழக்கே, திருத்துறைப்பூண்டியை ஒட்டிய ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவின் விதி எளியது. இரண்டு கிலோ விதைநெல் வாங்குபவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், கருப்புக்கவுனி என்று 150க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை அவர் இப்படித் திரட்டிப் பரப்பினார்; 2018 டிசம்பர் 6 அன்று காலமானார். அதற்கு மூன்று வாரம் முன்புதான் கஜா புயல் இந்தப் பகுதியைச் சூறையாடியிருந்தது. ஒரு ரகம் ஒரே வீட்டில் இருந்தால் ஒரு புயலில் போய்விடும். பல வீடுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தால் பிழைக்கும். சம்பா தையில் அறுவடையாகிறது. விதை மீண்டும் மண்ணுக்குப் போவது ஆவணி வாக்கில். இடையில் ஏழு மாதம், அதில் அக்கினி நட்சத்திரமும் அடக்கம். விதையியலாளர் ஹாரிங்டன் வகுத்த கணக்குப்படி, ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிக்கும். வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். வெப்பத்தைக் குறைக்க முடியாத ஊரில் ஈரத்தைக் குறைப்பதுதான் வழி.

விதைநெல்லில் 12 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. சாப்பாட்டு நெல்லுக்கு 14 வரை போகலாம். பல்லிடுக்கில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் தேவை. சந்தேகம் இருந்தால், நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் நெல்லையும் வறுத்த உப்பையும் போட்டுக் குலுக்கிச் சற்று நேரம் வைக்கலாம். உப்பு பாட்டிலில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும்போது, திறந்து கிடக்கும் நெல் அதை இழுத்துக்கொண்டு 15, 16 சதவீதத்துக்குத் திரும்பிவிடும். மரப் பத்தாயத்துக்கு மூச்சு உண்டு. சாப்பாட்டு நெல்லுக்கு அது சரி. விதையைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டிரம்மிலோ, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சூப்பர் பேக் போன்ற பையிலோ நிரம்ப அடைத்து, அதைப் பத்தாயத்துக்குள் வைப்பது மேல். உள்ளே மிஞ்சிய அந்துப்பூச்சியும் வண்டும் இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுத் தாமே மடியும். நொச்சியிலையும் வேப்பிலையும் பூச்சியை விலக்க உதவும். கொல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நெல்லுக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அதில் இருந்து வரும் பாஸ்பீன் வாயு பக்கத்து அறையில் தூங்குபவரையும் கொன்றுவிடும்.

அறையைச் செப்பனிடும்போது பெரும் கேடு செய்வது சிமெண்டு. சுண்ணாம்புக் காரை பூசிய பழைய செங்கல் சுவர், ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பெயரும். சுண்ணாம்பையே மீண்டும் பூசுவது செலவு அதிகம் என்றாலும் நீண்ட நாளில் லாபம். கூரையோரத் துவாரத்தை அடைத்துவிடாமல் எலி நுழையாத சல்லடைக் கம்பி அடிக்கலாம். எலி வந்தால் பின்னாலேயே சாரை வரும். பத்தாயத்தின் கால்களுக்கு அடியில் கருங்கல் துண்டு வைத்து, சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்தினால் நான்கு பக்கமும் பெருக்க முடியும். அந்த அறையில் உரமூட்டை, மண்ணெண்ணெய், பெயிண்டு டின் எதுவும் கூடாது.

பத்தாயம் வேண்டாம் என்று முடிவெடுத்த வீடுகளுக்குக் காரைக்குடிப் பழம்பொருள் வியாபாரம் தெரிந்ததே. பலகைகள் மேசையாகவும் கதவாகவும் மறுபிறப்பெடுக்கும். விற்பதானாலும் வேறு அறைக்கு மாற்றுவதானாலும், பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு அடுக்கின் நான்கு மூலையிலும் எண் இட்டுக்கொள்ள வேண்டும். கையால் இழைத்த மூட்டுகள் என்பதால் ஓர் அடுக்கின் பலகை இன்னோர் அடுக்கில் உட்காராது. சுத்தியல் தட்டிப் பொருத்த முயன்றால் விளிம்பு பிளந்துவிடும்.

இப்படிக்கு,
டெல்டா வீடுகளில் அக்கறையுள்ள ஒருவர்